டேங்க்குக்குள் இருந்த பாலுசாமி

உலகத்தில் இதுவரை நடந்த யுத்தங்களிலேயே ஒரு தோட்டாவைச் செலவழிக்காமல், ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல், ஒரு தடவைகூட முகத்தைக் காட்டாமல் எதிராளிக்குப் பைத்தியம் பிடிக்க வைத்த ஒரே போர்வீரர் எங்கள் பாலுசாமி மாமாதான். குதிரை மேல் உட்கார்ந்து வாளைத் தூக்கிக்கொண்டு சிலையாக நிற்கிற அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தினாலும் மாமா பிடிக்கிற லிவரில் பாதிக்கு ஈடாக மாட்டார்கள். இத்தனையையும் அவர் மலுமிச்சம்பட்டியிலிருந்து கிணத்துக்கடவுக்கு டவுன் பஸ்ஸில் போய்வந்து, கையில் தயிர்சாதப் போசியோடு சாதித்தார்.

பாலுசாமி என் அத்தை கருப்பாத்தாளின் வீட்டுக்காரர். அத்தை என் அப்பாவுக்கு அக்கா. இரண்டு வீடும் ஒரே ஊரில், இரண்டு தெரு தள்ளி. மாமா பொக்லைன் ஆபரேட்டர். டயர் வண்டி ஓட்ட மாட்டார், செயின் வண்டிதான். டயர் வண்டி ஓட்டுகிறவர்களைப் பற்றிக் கேட்டால், "அதும் வண்டிதான்" என்பார். அதற்கு மேல் ஒருத்தரைப் பற்றியும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

ஆள் ஒல்லி. காது மட்டும் பெரிது. இஞ்சின் சத்தத்தில் அந்தக் காதில் பாதி போய்விட்டது. அதனால் அந்த வீட்டில் எல்லோரும் சத்தமாகப் பேசுவோம், அவர் மட்டும் மெதுவாகப் பேசுவார். அதுவும் பேசினால்தான். கிணறு தூர் வாரியது, பைபாஸுக்கு மண் தள்ளியது, காலேஜுக்கு அஸ்திவாரம் எடுத்தது என்று கோயமுத்தூரைச் சுற்றி மேடாகவோ பள்ளமாகவோ இருக்கிற இடத்தில் பாதி அவர் கைபட்டது. எதிலும் அவர் பேர் கிடையாது. கட்டடத்துக்குப் பேர் வைப்பார்கள், பள்ளத்துக்கு யார் வைப்பார்கள்.

அவருடைய முதலாளி கரும்புக்கடை அப்துல் குத்தூஸ் பாய். பொக்லைன்கள் வைத்து வாடகைக்கு விடுகிறவர். ஒருநாள் மாமா எங்கள் வீட்டில் இருக்கும்போது பாய் ஃபோன் பண்ணினார். காது கேட்காததால் மாமா எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார். ஆகவே அவருடைய ஃபோன் பேச்செல்லாம் ஊருக்குப் பொது.

"பாலு, ஒரு சினிமாக் கம்பெனி வண்டி கேக்குது. கை இல்லாம வேணுமாம்."

"கை இல்லாம என்னத்தத் தோண்டறதுங்க பாய்?"

"தோண்ட வேண்டாம்பா. ஓட்டுனாப் போதும்."

"அப்பறம் எதுக்குங்க பொக்லைனு?"

"டேங்க் செய்யறாங்களாம். சண்டைக்குப் போற டேங்க். மேல தகரம் அடிச்சு மூடிருவாங்க. உள்ள நீ உக்காந்து ஓட்டோணும்."

மாமா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆராச்சும் சுடுவாங்களாங்க?" என்று கேட்டார்.

"சுடுவாங்க. ஆனா பட்டாசு."

"செரிங்க" என்று ஃபோனை வைத்துவிட்டார். அவர் சினிமாவுக்குள் போனது இப்படித்தான்.

படத்தின் பேர் 'மூன்றாம் மணல்மேடு'. எல்லையில் காவல் இருக்கிற ஒரு சிப்பாய். அவனுடைய கூட்டாளிகளை எதிரி நாட்டு டேங்க் ஒன்று நசுக்கிவிடுகிறது. அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, உள்ளே யார் இருக்கிறார்கள், எதுவும் தெரியாது. தப்பித்த இவன் ஒருத்தன் மட்டும் அதே நினைப்பாக அலைகிறான். சோறு தின்னும்போதும் தரையில் காதை வைத்துச் செயின் சத்தம் வருகிறதா என்று கேட்கிறான். லீவு கொடுத்தாலும் வீட்டுக்குப் போக மாட்டேன் என்கிறான். மூன்று மணி நேரமும் அவனும் அந்த டேங்கும்தான்.

மாமா வீட்டில் சொன்னது ஒரே ஒரு வரி. "சினிமாவுல டேங்க் ஓட்டறேன்." அதை அத்தை காரமடைச் சொந்தம் முழுக்க ஃபோன் போட்டுச் சொல்லும்போது, "என்ற ஊட்டுக்காரரு சினிமாவுல நடிக்கறாருங்க" என்று ஆகிவிட்டது. "என்ன வேசமுங்க?" என்று கேட்டவர்களிடம் "டேங்க்கு வேசம்" என்று சொல்லியிருக்கிறது. எங்கள் பக்கம் டேங்க் என்றால் தண்ணி லாரி. கல்யாணம் வைத்திருந்த ஒருவர் உடனே, "அப்படியே நம்மூட்டுக்கு ரெண்டு லோடு அனுப்பச் சொல்லு அம்மணி" என்று கேட்டுவிட்டார். அத்தை அவரோடு இன்றைக்கும் சரியாகப் பேசுவதில்லை.

படப்பிடிப்பு கிணத்துக்கடவுக்கு அந்தப் பக்கம், கைவிட்ட ஒரு கல்குவாரியில் நடந்தது. கதாநாயகியைப் பார்க்கலாம் என்று நான் ஒருநாள் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, படத்தில் கதாநாயகியே கிடையாது. மீசை வைத்தவர்கள் நூறு பேர் புழுதியில் படுத்திருந்தார்கள். சரி, வந்ததற்கு மாமாவையாவது பார்ப்போம் என்று நின்றேன்.

கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் அந்தக் கூட்டைச் செய்திருந்தார்கள். மேலே தகரம், உள்ளே பிளைவுட், முன்னால் நீட்டிக்கொண்டிருந்த பீரங்கி போர்வெல் குழாய். பக்கத்தில் போய்த் தட்டினால் பிஸ்கட் டின் மாதிரி சத்தம் வரும். தூரத்திலிருந்து பார்த்தால் நிஜ டேங்க்தான். மாமா உள்ளே உட்கார்ந்து, தபால் பெட்டி வாய் அளவுக்கு இருந்த ஒரு சந்து வழியாகப் பார்த்து ஓட்டினார். வாக்கி டாக்கியில் அபிலாஷ் என்கிற உதவி இயக்குநர் போ, நில் என்று சொல்வார். பாலக்காட்டுக்காரர், நல்ல பையன். மாமாவின் காதுக்காகக் கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

அன்றைக்கு எடுத்தது முக்கியமான காட்சி. சிப்பாய் காலில் அடிபட்டு ஒரு குழியில் கிடக்கிறான். டேங்க் மேட்டிலிருந்து இறங்கி, வளைவைத் திரும்பி வந்து, அவன் தலைமாட்டில் உரசிக்கொண்டு நிற்காமல் போக வேண்டும். எழுதி வைத்திருந்தது அவ்வளவுதான்.

டேங்க் இறங்கியது. வளைவுக்கு வந்ததும் நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம். பிறகு கிளம்பிப் போனது.

"அண்ணா, எதுக்கு நின்னீங்க? நிக்க வேண்டாம்" என்று அபிலாஷ் வாக்கி டாக்கியில் கத்தினார்.

"செரிங்க."

மறுபடி மேட்டுக்கு ஏற்றி மறுபடி இறக்கினார்கள். அதே இடத்தில் டேங்க் நின்றது. கிளம்பியது. குழியில் கிடந்த ஹீரோ எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "வண்டியில ஏதாவது ரிப்பேரா?" என்று கேட்டார். மூன்றாம் தடவையும் நின்றது. அபிலாஷ் ஓடிப்போய்த் தகரத்தைத் தட்டினார்.

"அண்ணா, என்ன பிரச்சினை?"

உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது. "ஒண்ணும் இல்லீங் தம்பி. சாமி இருக்குதுங்."

அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். வளைவில் ஒரு வேப்பமரம். அடியில் மஞ்சள் துணி சுற்றிய ஒரு கல், நட்டு வைத்த வேல் ஒன்று. கருப்பராயன். குவாரியில் வேலை நடந்த காலத்தில் யாரோ வைத்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வண்டி ஓட்டுகிறவர் எவரும் கருப்பராயனை நிற்காமல் தாண்ட மாட்டார். பஸ்காரர் ஆரன் அடிப்பார், லாரிக்காரர் காசு போடுவார். மாமா ஆரன் அடிக்கிற ஆள் இல்லை. நிறுத்தி, இஞ்சினைக் கொஞ்சம் தணித்து, ஒரு மூச்சு விட்டு எடுப்பார். முப்பது வருசப் பழக்கம்.

"அண்ணா, நீங்க எதிரி நாட்டு டேங்க். அவங்களுக்குக் கருப்பராயன் தெரியாது."

"அவிங்களுக்குத் தெரியாதுங். எனக்குத் தெரியுமுங்ல்ல."

"ஒரு தடவை மட்டும் நிக்காம போங்கண்ணா. சாமி கோச்சுக்காது."

"அப்படீன்னா வேற ஆளை வெச்சுக்கோங் தம்பி. நான் எறங்கிக்கறேன்." கோபமில்லாமல், பஸ்ஸில் சில்லறை இல்லை என்று சொல்கிற குரலில் சொன்னார்.

அபிலாஷ் தலையைப் பிடித்துக்கொண்டு டைரக்டரிடம் போனார். டைரக்டர் தொப்பி போட்ட சின்னப் பையன். எடுத்ததைப் போட்டுக் காட்டச் சொல்லிக் குனிந்து பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு மெதுவாக, "இது நிக்கலை. இது அவனைப் பாக்குது" என்றார்.

அதிலிருந்து கதையே மாறிவிட்டது. டேங்க் சிப்பாயைப் பார்க்கிறது, கொல்ல முடியும், ஆனால் கொல்லாமல் போகிறது. ஏன் விட்டுப் போனது என்பதுதான் அப்புறம் அவனைப் பிடித்து ஆட்டுகிற பைத்தியம். இடைவேளைக்கு அப்புறம் முழுக்க அவன் கேட்கிற கேள்வி அது ஒன்றுதான். பதில் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

படம் தீபாவளிக்கு வந்தது. காரமடையிலிருந்து ஒரு வேன், எங்கள் தெருவிலிருந்து நாங்கள், ஒரு வரிசையையே பிடித்து உட்கார்ந்தோம். மாமா மடிப்புக் கலையாத புதுச் சட்டை போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் மகள் பிரவீனா, காலேஜில் படிக்கிறவள், ஃபோனைத் தயாராக வைத்திருந்தாள். அப்பா பேர் வரும்போது எடுக்க.

டேங்க் திரையில் வந்தது. பிஸ்கட் டின்னுக்கு என்ன சத்தம் கொடுத்திருந்தார்கள் தெரியுமா, சீட்டு அதிர்ந்தது. வளைவில் வந்து நின்றது. பின்னாலிருந்த ஒரு பையன், "ஐயோ, பாக்குதுடா" என்று முனகினான். என் பக்கத்தில் அத்தை இரண்டு கையையும் கூப்பி, "கருப்பராயா" என்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் நானும் கையைச் சேர்த்துக்கொண்டேன்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கடைசிக் காட்சி வரை. சிப்பாய் ஒருவழியாக டேங்க்கை மடக்கி, மேலே ஏறி, மூடியைத் திறந்து துப்பாக்கியோடு உள்ளே குனிகிறான். உள்ளே யாரும் இல்லை. காலி சீட். அவன் சிரிக்கிறான், அழுகிறான். படம் முடிந்தது.

எங்கள் வரிசை மொத்தமும் மாமாவை எட்டிப் பார்த்தது. அப்புறம் என் அப்பா திரும்பினார். மாமாவைச் சீண்டுவதற்கென்றே பிறந்தவர் என் அப்பா.

"ஏனுங் மச்சா, நீங்க எப்ப எறங்குனீங்க?"

காரமடை வேன் மொத்தமும் சிரித்தது. மாமாவும் சிரித்தார். பேர் வரும், பேர் வரும் என்று பிரவீனா ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள். சாப்பாடு போட்டவர் பேர் வந்தது, நாய் கொண்டுவந்தவர் பேர் வந்தது. 'டேங்க்: அப்துல் குத்தூஸ் எர்த் மூவர்ஸ்' என்று பாய் பேரும் வந்தது. அதோடு விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து பஸ் ஸ்டாப் பேக்கரியில் மாமாவுக்குப் பேர் 'காலி சீட்டு' என்று மாறிவிட்டது. வேலை முடிந்து அங்கே ஒரு டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டுவிட்டு வருவதுதான் அவருடைய ஒரே ஊர்சுற்றல். உள்ளே நுழைந்தாலே, "டீ மாஸ்டர், ஒரு டீ போடுங்க, சீட்டு காலியாத்தான் இருக்குது" என்பார்கள். அப்பாதான் ஆரம்பித்தது. மாமா இரண்டு நாள் சிரித்தார். அப்புறம் பேக்கரிக்குப் போகவில்லை.

நேராக வீட்டுக்கு வந்து டீ கேட்டார். அத்தைக்கு அது பெரிய தொந்தரவு. "கல்யாணமானதுல இருந்து பொழுதோட சாயங்கால டீ வெச்சதில்ல. இப்பக் கேக்கறாரு. உங்கப்பனுக்கு வாய் ஏன் சும்மா இருக்கறதில்ல கிருபா?" என்று என்னைப் பிடித்துத் திட்டியது.

யூடியூப்பில் படத்தை அலசி ஆராய்கிறவர்கள் வேறு கிளம்பிவிட்டார்கள். பிரவீனா ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுவாள். அந்த டேங்க் எதிரியின் மனசாட்சி என்றார் ஒருத்தர். டேங்க் என்பது மரணம், அதனால்தான் உள்ளே யாரும் இல்லை என்றார் இன்னொருத்தர். கண்ணாடி போட்ட ஒருத்தர் அந்த ஒரு நிறுத்தத்துக்கு மட்டும் இருபது நிமிசம் பேசினார். மாமா ஸ்பீக்கரில் காதை வைத்து எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏன் மாப்ள, உள்ள ஒரு மனுசன் உக்காந்து ஓட்டியிருப்பான்னு இதுல ஒருத்தனுக்குக்கூடத் தோணலயா?"

"தோணியிருக்கும் மாமா. சொல்லியிருக்க மாட்டாங்க."

"ஆருக்குமே தெரியாமப் போச்சுன்னா, நான் போனதும் ஒண்ணுதான், போகாததும் ஒண்ணுதான்." டீயை ஊதிக் குடித்துவிட்டு, "நம்மூட்ல சொன்னா அது கணக்கில்ல. வெளியாளு ஒருத்தன் சொல்லோணும்" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் தூத்துக்குடியில் முத்துச்செல்வம் பிறந்தார்.

பிறக்கும்போதே அவருக்கு அறுபது வயது, ரிட்டயர்டு ஹவில்தார். அவர் பேரில் ஒரு யூடியூப் கணக்கு தொடங்கி, முகப்புப் படத்துக்கு ஒரு கப்பலைப் போட்டேன். தூத்துக்குடி என்று வைத்ததற்கு ஒரே காரணம், எங்களுக்கு அங்கே சொந்தபந்தம் ஒருத்தரும் கிடையாது, யாரும் போய் விசாரிக்க மாட்டார்கள். கண்ணாடி போட்டவரின் வீடியோவுக்கு அடியில் அவர் இப்படி எழுதினார்:

"டேங்க் தானாக நிற்காது வே. உள்ளே இருந்த டிரைவர் நிறுத்தியிருக்கிறார். நான் ராணுவத்தில் இருந்தவன். குலுங்காமல் இப்படி நிறுத்துவதற்குக் கை வேண்டும். அந்த டிரைவர் யார் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவருக்கு என் சல்யூட்."

'வே' என்பதை ஊர் மணத்துக்காகச் சேர்த்தேன்.

அதை எதேச்சையாகப் பார்த்த மாதிரி பிரவீனாவிடம் காட்டினேன். அவள் படித்துக் காட்டினாள். மாமா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு தானே எழுத்துக் கூட்டிப் படித்தார். 'கை வேண்டும்' என்கிற இடத்தில் கொஞ்சம் நின்றார்.

"பதில் எழுதலாமா கண்ணு?" என்று பிரவீனாவைக் கேட்டார்.

"எழுதலாம்ப்பா. என்ன எழுதட்டும்?"

"நாந்தானுங்கன்னு எழுது. பாலுசாமி, மலுமிச்சம்பட்டிங்கன்னு போடு. அப்பறம்..." யோசித்தார். "ரொம்ப நன்றிங்கன்னு போட்டு நிறுத்திக்க. அதுக்கு மேல வேண்டாம்."

மறுநாள் மாமா பேக்கரிக்குப் போனார். யாரும் கேட்காமலே, "தூத்துக்குடியில இருந்து ஒரு மிலிட்டரிக்காரரு எழுதியிருக்காருங்க" என்று சொன்னாராம். அப்பா மாமாவின் ஃபோனை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு அவருக்கும் சேர்த்து டீ சொன்னார். காலி சீட்டு பேச்சு அதோடு நின்றது. ஒரு வெளியூர்க்காரனுக்கு அவ்வளவு மரியாதை.

அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். கை சும்மா இருக்கவில்லை. முத்துச்செல்வம் மறுபடி எழுதினார்: "ஐயா, நீங்கள் டேங்க்குக்குள் எப்படி உட்கார்ந்து ஓட்டினீர்கள் என்று பார்க்க ஆசை. ஒரு போட்டோ எடுத்து என் மெயிலுக்கு அனுப்புங்கள். ஹெல்மெட் அணிந்திருந்தால் சிறப்பு."

மாமா அனுப்பினார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வண்டி ஹெல்மெட்டை மாட்டி, இரண்டு கையிலும் லிவருக்குப் பதில் இரண்டு முருங்கைக்காயைப் பிடித்துக்கொண்டிருந்தார். இதை வைத்து ஒரு மாசம் சிரிக்கலாம் என்று ஆசையாகத் திறந்தேன். அந்தப் படத்தில் மாமா கேமராவைப் பார்க்கவில்லை. தபால் பெட்டி சந்து வழியாகப் பார்க்கிற மாதிரி கண்ணை இடுக்கி நேராகத் தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். முருங்கைக்காயை அவர் உண்மையாகவே லிவர் பிடிக்கிற மாதிரிதான் பிடித்திருந்தார். நான் சிரிக்கவில்லை. வேறு யாரிடமும் அதைக் காட்டவும் இல்லை.

மார்கழி பாதியில் வம்பு வந்தது. மாமா பிரவீனாவை விட்டு எழுத வைத்தார்: "ஐயா, தைப்பொங்கலுக்கு நம்மூட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போகோணுமுங்க. கோயமுத்தூருக்கு ரயில் இருக்குதுங்க. ஸ்டேசனுக்கு நான் வாரேனுங்க."

நான் பதில் போடாமல் இருந்தேன். இரண்டு நாள் கழித்து, "சைவமா அசைவமாங்க ஐயா?" என்று வந்தது. அதற்கும் பேசாமல் இருந்தேன். அத்தை வாசலுக்குப் புது விரிப்பு வாங்கியது. என் அப்பா முகத்தைச் சவரம் பண்ணிக்கொண்டே, "மிலிட்டரிக்காரரு வந்தா நானும் ஒரு எட்டு வந்து பாக்கோணும்" என்றார். இதற்கு மேல் போனால் யாராவது ரயில்வே ஸ்டேசனில் மாலையோடு நிற்பார்கள் என்று பயந்து, அவசர அவசரமாக ஒரு பதில் தட்டினேன்:

"ஐயா, மன்னிக்க வேண்டும். தை நோம்பிக்கு வீட்டில் ஒறம்பரை நிறைய வருகிறார்கள் வே. அவர்களை விட்டுவிட்டு வர முடியாது. உங்கள் அன்புக்கு நன்றி. இன்னொரு சமயம் பார்க்கலாம்."

பிரவீனா அதைப் படித்துக் காட்டியபோது நானும் அங்கேதான் இருந்தேன். மாமா, "அப்படியா" என்றார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அவள் படித்தாள். "செரி, பாவம், அவருக்கு என்ன வேலையோ" என்று சொல்லிவிட்டு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

பொங்கல் முடிந்து கரிநாள் அன்றைக்கு மாமா ஃபோன் பண்ணினார். "மாப்ள, மத்தியானம் இங்க சாப்பிட வந்துரு." கரிநாளில் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் கறிதான். இருந்தாலும் அத்தையின் கோழிக் குழம்புக்கு நான் எப்போதும் இரண்டு தெரு நடப்பேன்.

போனால், ஆள் வராத வீட்டில் விருந்துக்கு உண்டான ஏற்பாடு எல்லாம் இருந்தது. வாசலில் புது விரிப்பு. கூடத்தில் தலைவாழை இலை ஒன்றே ஒன்று. அத்தை நாட்டுக்கோழி, ஈரல் வறுவல், ரசம் எல்லாம் சட்டியோடு கொண்டுவந்து வைத்திருந்தது. பிரவீனா கதவுப் பக்கம் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"ஒரு இலைதானா? நீங்க சாப்பிடலீங்களா மாமா?"

"ஒறம்பரைக்குத்தான் முதல்ல" என்றார் மாமா. "மாப்ள, உனக்கு ஒண்ணு சொன்னதில்ல. கல்யாணத்துக்கு முன்ன நான் தூத்துக்குடி ஹார்பர்ல வண்டி ஓட்டியிருக்கறேன்."

எனக்குக் காது சூடாகிவிட்டது.

"அந்த வருசம் தைப்பொங்கலும் ரம்ஜான் மாசமும் ஒண்ணா வந்துச்சு. நான் சூப்பர்வைசர்கிட்டப் போயி, 'நோம்பிக்கு ஊருக்குப் போகோணும், லீவு குடுங்க'ன்னேன். அந்தாளு என்னைய மேலயும் கீழயும் பாத்துப்போட்டு, 'பாலுசாமின்னு பேரு வெச்சுக்கிட்டு உமக்கு எதுக்கு வே நோன்பு?'ன்னு கேட்டான். நான், 'எங்க ஊர்ல எல்லாருக்கும் நோம்பிதானுங்க'ன்னேன். செரி, இவன் பக்தியான ஆளு போலன்னு நெனச்சு, லீவு குடுக்காம, பொழுதோட பள்ளிவாசல்ல இருந்து ஒரு தூக்குப் போசி நெறைய நோன்புக் கஞ்சி வாங்கிக் குடுத்துப்போட்டான்."

"அப்பறம்?" என்று என் வாய் தானாகக் கேட்டது.

"அப்பறம் என்ன. குடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு." அவர் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். "பண்டிகையை நோம்பிங்கறது நாம மட்டுந்தான் மாப்ள. தூத்துக்குடியில ஒருத்தனும் சொல்ல மாட்டான். விருந்தாளியை ஒறம்பரைன்னா, பரம்பரையான்னு கேப்பான்."

பிரவீனா அடக்க முடியாமல் சிரித்தபடி உள்ளே ஓடினாள். அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை, அல்லது புரியாத மாதிரி குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தது. நான் விரிப்பின் ஓரத்தில் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆருகிட்டயாச்சும் சொல்லியிருக்கறயா?" என்று மாமா கேட்டார்.

"இல்லீங் மாமா."

"பேக்கரியில?"

"இல்லீங்."

"சொல்லிப்போடாத. உங்கப்பன் வேற, மிலிட்டரிக்காரரு எப்ப வாராரு, எப்ப வாராருன்னு கேட்டுட்டே இருக்கறான்." ஈரல் வறுவலை எடுத்து இலையில் வைத்தார், மனிதருக்கு வைக்கிற அளவைவிடக் கொஞ்சம் கூடவே. "அடுத்த வாரம் ஏதாச்சும் எழுது. பண்டிகைன்னு எழுது. 'வே'யை இத்தனை போடாத."

நான் உட்காராமலே நின்றதைப் பார்த்து, கொல்லைப்புறக் குழாயைக் கையால் காட்டினார்.

"சோறு ஆறுது. கையைக் கழுவிட்டு வந்து உக்காருங்க, முத்துச்செல்வமுங்க."